பங்குத் தகராறு காவல் நிலையத்துக்குப் போனால்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் என் சொற்களில் எழுதிவிடுகிறேன். இதில் ஒரு விவரம் மாறினாலும் பதில் மாறிவிடும் என்பதால் கவனமாகப் படித்துப் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், உங்கள் தந்தையார் 2017-இல் பதிவுபெற்ற கிரயப் பத்திரத்தின் மூலம் 42 சென்ட் நிலம் வாங்கினார். விற்றவர் அதே ஊர்க்காரர். அந்த நிலம் அவருடைய தகப்பனார் பெயரில் இருந்த 1 ஏக்கர் 26 சென்ட்டில் ஒரு பகுதி. தகப்பனார் 2009-இல் உயில் எழுதாமல் இறந்தார், தாயாரும் பின்னர் இறந்துவிட்டார். மகன் ஒருவர், மகள் ஒருவர் என இரண்டே வாரிசுகள். மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, தனக்கு மட்டுமே பாத்தியப்பட்ட சொத்து என்று எழுதி உங்கள் தந்தையாருக்கு விற்றார். மீதி 84 சென்ட் இன்னும் அவரிடமே இருக்கிறது. இப்போது அவருடைய தங்கை, தன் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டார்கள் என்று அண்ணன் மீதும் உங்கள் தந்தையார் மீதும் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்க, அது காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறது. மனுவில் மோசடி, போலி ஆவணம், அத்துமீறல், கொலை மிரட்டல் என நான்கும் இருக்கின்றன. 68 வயதான உங்கள் தந்தையார் தொலைபேசியில் அழைக்கப்பட்டு, மாலை வரை நிலையத்தில் உட்காரவைக்கப்பட்டு, நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்காவிட்டால் வழக்குப் பதிவாகும் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறார். இது குற்ற வழக்கா, காவல் துறை இப்படிச் செய்யலாமா, அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொன்னவை அப்படியே உண்மையானால், இது பாகப்பிரிவினைத் தகராறு. இதைத் தீர்க்க வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்தவன் ஆவேன். ஏனென்றால் அந்தப் பெண்மணியின் அடிப்படைக் குறை நியாயமானது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்தால், உயில் இல்லாத நிலையில் மகளும் மகனும் சம வாரிசுகள். பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தமும், அதை விளக்கி உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் வழங்கிய தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று நிலைநாட்டிவிட்டன. இந்தக் குடும்பத்தில் எந்த வழியில் கணக்கிட்டாலும் 126 சென்ட்டில் பாதி, அதாவது 63 சென்ட், அவருடையது. கல்யாணத்தின்போது நகை போட்டோம், சீர் செய்தோம் என்று அண்ணன் சொல்லலாம். பங்கை விட்டுக்கொடுத்ததாகத் தங்கை எழுதிய, பதிவுபெற்ற விடுதலைப் பத்திரம் இல்லாமல் அந்தப் பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. பட்டா அண்ணன் பெயரில் இருப்பதும் அவரை முழு உரிமையாளராக்காது, ஏனெனில் பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவே தவிர உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைத் தர வேண்டியது யார், எந்த வழியில் என்பதுதான் இங்கே தகராறு. காவல் நிலையத்துக்கு அதை முடிவுசெய்யும் அதிகாரமும் கிடையாது, கருவிகளும் கிடையாது. யாருக்கு எத்தனை பங்கு, எந்தப் பக்கத்துச் சென்ட் யாருக்கு, நடுவில் வாங்கியவரின் நிலை என்ன என்பதையெல்லாம் நீதிமன்றம் சாட்சியம் எடுத்து, தான் நியமிக்கும் ஆணையரை அனுப்பி அளந்து, தீர்ப்பாக எழுத வேண்டும். ஓர் உதவி ஆய்வாளர் ஒரு மாலைப் பொழுதில் இரு தரப்பையும் எதிரெதிரே நிற்கவைத்துச் செய்கிற காரியம் இல்லை அது.

இனி மனுவில் உள்ள குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம். சம்பவம் 2017-இல் நடந்ததாகச் சொல்லப்படுவதால், அது குற்றமா என்பதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின்படிதான் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா முன்தேதியிட்டுப் பொருந்தாது. ஆனால் இன்று வழக்குப் பதிவானால், விசாரணை நடைமுறை புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி நடக்கும். உங்கள் வழக்கறிஞர் இரண்டு சட்டங்களின் எண்களையும் மாற்றி மாற்றிச் சொன்னால் குழம்ப வேண்டாம். குறிப்பாக 482 என்ற எண் பழைய நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரத்தைக் குறித்தது. புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, ரத்து செய்யும் அதிகாரம் 528-க்குப் போய்விட்டது.

போலி ஆவணம் என்ற குற்றச்சாட்டுக்கு நேரடியான விடை 2009-இல் உச்ச நீதிமன்றம் முகமது இப்ராஹிம் எதிர் பீகார் அரசு வழக்கில் தந்திருக்கிறது. ஒருவர் தன் பெயரிலேயே, தன் கையெழுத்திலேயே, தன்னுடையது என்று சொல்லி ஒரு சொத்தை விற்றால், அந்தச் சொத்து முழுவதும் அவருடையதாக இல்லாமல் போனாலும், அந்தப் பத்திரம் சட்டப் பொருளில் போலி ஆவணம் ஆகாது. இன்னொருவர் பெயரில் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அல்லது இன்னொருவராக நடித்திருக்க வேண்டும், அல்லது எழுதி முடித்த ஆவணத்தைத் திருத்தியிருக்க வேண்டும், அல்லது என்னவென்று தெரியாத நிலையில் உள்ளவரை ஏமாற்றி எழுதி வாங்கியிருக்க வேண்டும். இங்கே அண்ணன் தன் பெயரில்தான் கையெழுத்திட்டார். அவர் சொன்னது பொய்யாக இருக்கலாம். பத்திரத்தில் பொய் சொல்வது வேறு, பொய்ப் பத்திரம் உண்டாக்குவது வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம்.

மோசடி பற்றியும் அதே தீர்ப்பு பேசுகிறது. ஏமாற்றப்பட்டு, அந்த ஏமாற்றத்தால் பணத்தையோ பொருளையோ கொடுத்தவர்தான் மோசடிக்கு ஆளானவர். தனக்கு முழு உரிமை இல்லாததை முழு உரிமை உள்ளதாகச் சொல்லி அண்ணன் யாரையேனும் ஏமாற்றினார் என்றால், அது பணம் கொடுத்த உங்கள் தந்தையாரைத்தான். தங்கையிடமிருந்து அந்தப் பத்திரம் எதையும் வாங்கவில்லை, அவருடைய பங்கை அது பறிக்கவும் முடியாது. எனவே விற்றவர் மீது மோசடிப் புகார் கொடுக்கக்கூடியவராக இருக்கும் உங்கள் தந்தையாரையே மோசடிக் குற்றவாளியாக நிறுத்தியிருப்பது இந்த மனுவின் பெரிய முரண். அண்ணனும் உங்கள் தந்தையாரும் திட்டமிட்டுக் கூட்டாகச் செய்தார்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் நிலைமை வேறு. அப்படி எதுவும் மனுவில் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அத்துமீறி நுழைதலுக்கு, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற உள்நோக்கம் தேவை. கிரயப் பத்திரம் கையில் இருக்கிறது, பணம் கொடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு நிலத்தில் இறங்கி உழுதவர்மீது அந்த உள்நோக்கத்தை ஏற்றிவிட முடியாது.

கொலை மிரட்டலைப் பற்றி நான் நீட்ட விரும்பவில்லை. நம் மாவட்டத்தில் நிலத் தகராறு தொடர்பான புகார்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், பழைய சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 506(2) (கொலை மிரட்டல்) ஆகிய பிரிவுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகத்தில் வந்து நிற்கும். எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில், என்ன சொல்லி மிரட்டினார் என்ற விவரம் இல்லாத மிரட்டல் குற்றச்சாட்டு வழக்கை நிலைநிறுத்தாது. உண்மையிலேயே வாக்குவாதம் எதுவும் நடந்திருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

புகார்கள் ஏன் எப்போதும் 420 (மோசடி), 467 (மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக்குதல்) என்ற கனமான பிரிவுகளைத் தேடிப் போகின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரை தண்டனை உள்ளதை மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காலவரம்பு இருக்கிறது. மோசடிக்கு 7 ஆண்டு வரையிலும், மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக்குவதற்கு ஆயுள் வரையிலும் தண்டனை உண்டு என்பதால் அவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. எட்டு, பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு கிரயத்தைக் குற்ற வழக்காக்க வேண்டுமென்றால் இந்தப் பிரிவுகளைச் சேர்த்தே ஆக வேண்டும். அதற்குள் இந்தப் பக்கம் நிலத்தின் விலையும் ஏறிவிடுகிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு ஒத்தக்கடைப் பக்கமும், எய்ம்ஸ் அறிவிப்புக்குப் பிறகு தோப்பூர், திருமங்கலம் பக்கமும், பறக்கும் பாலம் வந்த நத்தம் சாலையிலும் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். குறைந்த விலைக்கு விற்ற காலத்தில் யாரும் கேட்காத பங்கு, விலை ஏறிய பின் நினைவுக்கு வருகிறது. அப்படித் தாமதமாகக் கேட்பதால் மட்டும் ஒரு பெண்ணின் பங்கு பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பல வீடுகளில் தகப்பனார் இருக்கும்வரை, பிறகு தாயார் இருக்கும்வரை, பிறந்த வீட்டோடு உறவு முறியக்கூடாது என்று அக்கா தங்கைகள் வாய் திறப்பதில்லை.

சிவில் தகராறுகளைக் குற்ற வழக்காக மாற்றும் போக்கு நீதிமன்றங்களுக்குப் புதிதில்லை. 2006-இல் இந்தியன் ஆயில் எதிர் என்.இ.பி.சி. இந்தியா வழக்கில், குற்றம் எதுவும் இல்லாத சிவில் தகராறுகளைக் குற்ற வழக்கின் அழுத்தத்தால் தீர்க்க முயல்வதைக் கண்டிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. சிவில் வழக்குகள் நீண்ட காலம் எடுக்கின்றன என்ற எண்ணமே மக்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது என்ற காரணத்தையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரலில், சொத்து விற்பனைப் பேச்சு முறிந்த தகராறு ஒன்றைக் குற்ற வழக்காக்கியதற்காக உத்தரப் பிரதேச அரசுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. தமிழ்நாட்டில் 2011-இல் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோது, மிரட்டலால் நிலம் இழந்த பலருக்கு அது உண்மையான ஆறுதலாக இருந்தது. ஆனால் நில அபகரிப்பு என்றால் என்ன என்பதற்கு வரையறை இல்லை என்ற காரணத்தால் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கான அரசாணைகளை ரத்து செய்தது, அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வரையறை இல்லாத சொல்லுக்குள் எந்தப் பங்காளிச் சண்டையையும் அடக்கிவிட முடியும் என்பது அப்போது வெளிப்பட்டது.

ஒரு சொத்து விவகாரத்தில் குற்றமே இருக்க முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரே சம்பவத்திலிருந்து சிவில் உரிமையும் பிறக்கலாம், குற்றமும் பிறக்கலாம், இரண்டு வழக்குகளும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பது நிலைத்த சட்டம். உங்கள் விஷயத்திலேயே சில விவரங்கள் வேறாக இருந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். தங்கையின் கையெழுத்தை வேறொருவர் போட்டு ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகியிருந்தால், அல்லது வேறொரு பெண்ணைத் தங்கை என்று சார்பதிவாளர் முன் நிறுத்தியிருந்தால், அது ஆள்மாறாட்டம், அது போலி ஆவணம், பதிவுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவும் வரும். தங்கையே இல்லை என்று பொய்யாகச் சொல்லி அண்ணன் வாரிசுச் சான்று வாங்கியிருந்தால் அதுவும் தனியாகக் கேள்விக்கு உரியது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இறந்தவர் கொடுத்ததாகப் பவர் பத்திரம் காட்டுவது, ஒருவருக்கு விற்ற நிலத்தை மறைத்து இன்னொருவருக்கு விற்றுப் பணம் வாங்குவது, இரவோடு இரவாக ஜே.சி.பி. கொண்டுவந்து வேலியைப் பெயர்ப்பது, இவையெல்லாம் குற்றங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உண்மையில் குற்றம் நடந்திருக்கும் இடத்தில், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்ற அதே வாசகம் எளியவர்களைத் திருப்பியனுப்பும் கதவாகப் பயன்படுகிறது. அரசு ஒப்படைத்த நிலத்தை இழந்த பட்டியல் சாதிக் குடும்பமோ, தனியாக இருக்கும் விதவையோ நிலையத்துக்குப் போனால் தகராறு சிவிலாகிவிடுகிறது. செல்வாக்கு உள்ளவர் போனால் அதுவே கிரிமினல் ஆகிவிடுகிறது. எது சிவில், எது கிரிமினல் என்பதைத் தீர்மானிப்பது செயலின் தன்மையாக இருக்க வேண்டும், மனு கொடுத்தவரின் தகுதியாக இருக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே தனிக் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புகாரை நிலையம் வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். புதிய நடைமுறைச் சட்டத்தில் அவை முறையே 173(4), 175(3) ஆகிய பிரிவுகள்.

உங்கள் தந்தையாரை அழைத்த விதத்துக்கு வருகிறேன். மனுவைப் பெற்ற காவல் துறை அதில் கைதுசெய்யத்தக்க குற்றம் தெரிகிறதா என்று பார்க்கும் அளவுக்கு முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், குற்றம் வெளிப்படையாகத் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், வணிகத் தகராறு, நீண்ட தாமதம் போன்ற சில வகைகளில் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்த விசாரணையின் நோக்கம் குற்றம் உண்டா என்று அறிவது மட்டுமே. பேரம் பேசிவைப்பதற்கோ, எழுதி வாங்குவதற்கோ அது அனுமதி தரவில்லை. சாட்சியாக விசாரிக்க அழைப்பதானால் எழுத்துமூலமான ஆணை வேண்டும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குப் பதிவாகி, குற்றம் சாட்டப்பட்டவராக 35(3) பிரிவின் கீழ் அறிவிப்புக் கொடுக்கப்பட்டால், அப்போது கட்டாயம் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் கைதுக்கு அதுவே காரணமாகிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் கொடுத்த காகிதம் எந்தப் பிரிவைச் சொல்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

தொலைபேசி அழைப்பு வந்தால் மரியாதையாக, எழுத்துமூலம் அழைப்பு அனுப்புங்கள், வழக்கறிஞரோடு ஒத்துழைக்கிறோம் என்று சொல்லுங்கள். ஒளிந்துகொள்ள வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். மனுவுக்கு சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான காவல் நிலைய ரசீது) போடப்பட்டிருக்கிறதா, அதன் எண் என்ன என்று கேளுங்கள். அதோடு, இது பாகப்பிரிவினைத் தகராறு என்பதை விளக்கி, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல்களை இணைத்து, ஒரு பதில் மனுவை விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு ஆய்வாளருக்கும், நகலைத் துணைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னாளில் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்த ஒப்புகை உங்களுக்காகப் பேசும். நிலையத்தில் வைத்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தந்தையாரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். நிலத்தில் இறங்க மாட்டேன், இத்தனை நாளில் திருப்பி எழுதிக் கொடுக்கிறேன் என்று அங்கே எழுதி வாங்கும் காகிதத்துக்குச் சொத்துரிமையை மாற்றும் சக்தி கிடையாது. ஆனால் பின்னர் சிவில் வழக்கில் ஒப்புதல் என்று அதைக் காட்டி வாதிட இடம் கொடுக்கும், அதைத் துடைக்கச் சில வருடங்கள் ஆகும்.

அழைப்புகள் நிற்காமல் தொடர்ந்தால், விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவு கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுத் தாக்கல் செய்யலாம். இவ்வகை மனுக்கள் அங்கே வழக்கமாக வருபவை. பெரும்பாலும் முறைப்படி அழைப்பாணை கொடுத்து, நடைமுறையைப் பின்பற்றி விசாரிக்கச் சொல்லி முடித்துவைப்பார்கள். விசாரணையையே நிறுத்துவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழக்குப் பதிவாகிவிட்டால் முதலில் முன்ஜாமீன், பிறகு 528-இன் கீழ் ரத்து மனு என்று போகலாம். 1990-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஹரியாணா அரசு எதிர் பஜன்லால் தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கையில் சொன்னவற்றை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் குற்றம் அமையாவிட்டால் ரத்து செய்யலாம் என்று வகுத்திருக்கிறது, முகமது இப்ராஹிம் தீர்ப்பும் உங்களுக்குத் துணை நிற்கும். ஆனாலும் 2021-இல் நீஹாரிகா வழக்கில், விசாரணை நடக்கும் கட்டத்தில் இந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்திருப்பதால், முதல் வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இனி சிவில் பக்கம். இதைத்தான் நான் அதிகம் எழுத விரும்பினேன், ஏனெனில் உங்கள் நிலத்துக்குத் தீர்வு இங்கேதான் இருக்கிறது.

உங்கள் தந்தையார் 2017-இல் வாங்கியது, சட்டக் கண்ணோட்டத்தில், அண்ணனுக்கு அந்த 126 சென்ட்டில் இருந்த பாதிப் பங்குக்கு உட்பட்ட உரிமையை. தங்கையின் பங்கை அண்ணன் விற்றிருக்க முடியாது, எனவே உங்கள் தந்தையார் அதை வாங்கியிருக்கவும் முடியாது. இது கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அண்ணனின் பங்கு 63 சென்ட். அவர் விற்றது 42 சென்ட் மட்டுமே. பாகப்பிரிவினை வழக்கில், பங்குதாரர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு பகுதியை விற்றிருந்தால், மற்றவர்களுக்கு அநியாயம் இல்லாதவரை, அந்தப் பகுதியை விற்றவரின் பங்கிலேயே ஒதுக்கி வாங்கியவரைக் காப்பாற்றுவது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் நியாயம். மீதி 84 சென்ட்டிலிருந்து தங்கைக்கு 63 சென்ட்டைக் கொடுத்துவிட்டால், உங்கள் 42 சென்ட்டும் நிற்கும், அண்ணனுக்கு 21 சென்ட்டும் மிஞ்சும். நீங்கள் வாங்கிய பகுதி மட்டும் சாலையோரமாகவோ, வாய்க்கால் தலைப்பிலோ இருந்து மதிப்புக் கூடியதாக இருந்தால், ஆணையர் மதிப்பைச் சமன்செய்யச் சொல்வார், அதற்கும் வழி உண்டு.

இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரே நிபந்தனை, மீதி 84 சென்ட் அண்ணன் கையில் இருக்க வேண்டும். அந்தப் பெண்மணி காவல் நிலையத்துக்கு அலைந்துகொண்டிருக்கும் இந்த மாதங்களில் அண்ணன் அதை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் என்ன ஆகும்? மனு ரசீதோ, முதல் தகவல் அறிக்கையோ கூட அந்த விற்பனையைத் தடுக்காது. சிவில் வழக்குத் தாக்கலாகியிருந்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படுவார், விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம். அந்தப் பெண்மணி தேர்ந்தெடுத்த வழி அவருடைய 63 சென்ட்டில் ஒரு சென்ட்டைக்கூடப் பாதுகாக்கவில்லை, உங்களையும் சேர்த்து ஆபத்தில் வைத்திருக்கிறது. காலமும் அவருக்காக நிற்காது. குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்ற வரம்பு காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. தவறான சிவில் நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு செலவிட்ட காலத்தைக் கழித்துக்கொள்ள 14-ஆம் பிரிவு உதவும், ஆனால் காவல் நிலையத்தில் செலவிட்ட காலத்தைக் கழித்துத் தர அதில் இடமில்லை. நியாயமான உரிமையோடு நிலையத்துக்குப் போய், காலம் கடந்த பிறகு சிவில் நீதிமன்றத்துக்கு வந்து தோற்றவர்களை மதுரையில் சிவில் வழக்கு நடத்தும் எவரும் பார்த்திருப்பார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி.

மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்துவிடுவோம் என்றும் தங்கை தரப்பில் சொல்லக்கூடும். பதிவுச் சட்டத்தில் 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 77-ஏ பிரிவின் கீழ் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அது ஒருபுறம் இருக்க, கையெழுத்துப் போடாத தங்கைக்கு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவே தேவையில்லை. தன் பங்கை அது கட்டுப்படுத்தாது என்று சொல்லிப் பாகம் கேட்டால் போதும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. முதலில் உங்கள் தந்தையார் சார்பில் மேலூர் நீதிமன்றத்திலும், சொத்து மதிப்பைப் பொறுத்து மதுரை நீதிமன்றத்திலும் கேவியட் மனுப் போட்டுவையுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போவதை அது 90 நாள்களுக்குத் தடுக்கும். பிறகு அந்தப் பெண்மணியோடும் அவர் வீட்டாரோடும், நிலையத்துக்கு வெளியே, ஊரில் இரு தரப்பும் மதிக்கும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குப் பங்கு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பல வருடங்களாக அவரிடம் யாரும் சொல்லாத வாக்கியமாக அது இருக்கக்கூடும். அண்ணனும் தங்கையும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, 63 சென்ட் தங்கைக்கும், உங்கள் 42 சென்ட் உட்பட்ட 63 சென்ட் அண்ணன் பங்குக்கும் என்று நான்குமால் (நான்கு பக்க எல்லைகள்), உட்பிரிவு எண்களோடு பிரித்து, உங்கள் தந்தையாரின் கிரயத்தை இருவரும் ஏற்பதாக எழுதி, மூவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிட்டால் தகராறு அன்றே முடிந்தது. அதன் பின் தங்கைக்குத் தனிப் பட்டாவும் கிடைக்கும்.

அண்ணன் வர மறுத்தால், உங்கள் கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் என் இதர சொத்துகளிலிருந்து ஈடுசெய்வேன் என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள், வழக்கமாக இருக்கும். அதைச் சுட்டி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். மோசடிப் புகார் கொடுக்கும் நிலையில் இருப்பவர் உங்கள் தந்தையார்தான் என்பதை அறிவிப்பில் நினைவூட்டுவதில் தவறில்லை. ஆனால் அதை அவசரப்பட்டுப் புகாராக்க வேண்டாம், 84 சென்ட் அவர் கையில் இருக்கும்வரை உங்களுக்கு உண்மையான இழப்பு ஏற்படவில்லை. பேச்சு பலிக்கவில்லையென்றால் தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போடுவதை எதிர்க்காமல், அதில் உங்கள் பகுதியை அண்ணன் பங்கில் ஒதுக்கக் கேளுங்கள். அவர் போடாவிட்டால் உங்கள் தந்தையாரே போடலாம். தங்கை கூட்டுப் பங்குதாரர் என்பதால், அவர் நிலத்துக்குள் வரக் கூடாது என்று வெறும் தடை கேட்டு வழக்குப் போடும்படி யாராவது சொன்னால் அதைச் செய்ய வேண்டாம். அது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும்.

நீதிமன்றக் கட்டணத்துக்கு அஞ்சித்தான் அந்தப் பெண்மணி நிலையத்துக்குப் போனார் என்றால், இதையும் அவர் காதில் போடுங்கள். பெண்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் பெறலாம், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. வழக்குப் போட்டபின் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும், அங்கே எழுதும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். எதிர்த்தரப்புக்கு நாமே வழி சொல்வதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வழக்கில் அவர் சரியான இடத்துக்கு வருவதுதான் உங்கள் 42 சென்ட்டுக்குப் பாதுகாப்பு.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது 2017 கிரயப் பத்திரத்தின் அசல், அதற்கு மூலமான தகப்பனார் காலத்துப் பத்திரம் அல்லது பட்டா, 1975 முதல் இன்றுவரையிலான வில்லங்கச் சான்று, கிராம நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டின் நகல், நில அளவை வரைபடமான புலப்பட நகல், வாரிசுச் சான்றின் நகல் கிடைத்தால் அது, 2017-க்குப் பின் நீங்கள் கட்டிய நிலவரி ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வில்லங்கச் சான்றை 42 சென்ட்டுக்கு மட்டும் போடாமல் முழு 126 சென்ட்டுக்கும் போடுங்கள். மீதி 84 சென்ட் இன்னும் விற்கப்படாமல் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும், வழக்கின் திசையை அந்த ஒரு காகிதம் தீர்மானிக்கும்.